ஒன்பது தலைகள் எங்கே போயின?

மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வருகிறவர்களில் பலர் ஒரு மணி நேரத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு யூதத் தெருப் பக்கம் நடந்துவிடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குள் நம் ஓவியத்தின் பழைய வழக்கு ஒன்றின் இரு தரப்பையும் அவர்கள் கடந்து போகிறார்கள். பள்ளியறை எனப்படும் மன்னரின் படுக்கையறையில் தாழ்ந்த மரக்கூரையின் கீழ் சுவரெல்லாம் இராமாயணம். அதே கட்டடத்தில், முன்பு முடிசூட்டு விழா நடந்த கூடத்தில், 1864 முதல் கொச்சியை ஆண்ட மன்னர்களின் உருவப்படங்கள். முதல் அறையில் இருப்பவர்களை எவரும் நேரில் பார்த்ததில்லை. இரண்டாவது அறையில் இருப்பவர்கள் உள்ளூர் ஓவியர்கள் மேனாட்டு முறையில் உருவம் பிசகாமல் தீட்டிய மனிதர்கள்.

இரண்டு அறைகளுக்கும் நடுவே நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் எழுகிறது. உள்ளதை உள்ளபடி வரையப் பழகிய கை, உலகில் இல்லாத ஒன்றை வரையப் புகுந்தால் வெல்லுமா?

இது பழங்காலத்துக் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. 2012 டிசம்பர் 12 அன்று கொச்சி-முசிறி பினாலே என்னும் கலைக் கண்காட்சி தொடங்கியதிலிருந்து, போர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் மிளகும் இஞ்சியும் அடுக்கியிருந்த கிடங்குகள் ஒவ்வொன்றாகக் கலைக்கூடங்களாகி வருகின்றன. ஒரு கருப்பொருளை வைத்து மாலை நேரக் கண்காட்சி நடத்தும் வழக்கமும் நம் நகரங்களில் வேரூன்றிவிட்டது. அந்த வரிசையில் 'மாய உலகம்' என்பது எல்லோருக்கும் பிடித்த கருப்பொருள். விளக்கை மங்கவைத்து, இசையை ஒலிக்கவிட்டு, நடுவில் உள்ளூர் யதார்த்த ஓவியர் ஒருவரின் படங்களை மாட்டுகிறார்கள். மிகுபுனைவையும் நடப்பியலையும் ஒரே சுவரில் சேர்க்கும் இந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் சேர்த்து மாட்டுவதால் மட்டும் இரண்டும் சேர்ந்துவிடுவதில்லை. எது சேர்ந்தது, எது சேரவில்லை என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும்.

அந்த அளவுகோல் தமிழிலேயே இருக்கிறது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக மருட்கையை, அதாவது வியப்பை, வைக்கிறது. இதுவரை காணாதது, அளவுக்கு மீறிப் பெரியது, நம்ப முடியாதபடி சிறியது, ஒன்று இன்னொன்றாக மாறுவது ஆகிய நான்கிலிருந்தும் வியப்பு பிறக்கும் என்பது அந்த இலக்கணத்தின் கணக்கு. உலகின் மாயக் கதைகள் பெரும்பாலானவற்றை இந்த நான்குக்குள் அடக்கிவிடலாம். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 'மெய்ப்பாடு' என்ற சொல். உள்ளத்தில் எழுந்தது உடம்பில் தெரிவது மெய்ப்பாடு. வியப்புக்குக் காரணம் வெளியே இருக்கலாம். வியப்பு தெரிய வேண்டிய இடம் உடம்பு. மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை. யதார்த்த ஓவியரின் தொழிலே இந்த இரண்டு மெய்யும்தான்.

ஆகவே ஒவ்வொரு படத்திடமும் மூன்று கேள்விகள் கேட்கிறேன். இதில் அதிசயம் எது? அதைக் காட்ட ஓவியர் எதைக் கைவிட்டார்? அந்த அதிசயம் யாருடைய உடம்பில் தெரிகிறது?

முதலில் பள்ளியறை. போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்த அரண்மனை இது. 1663-இல் டச்சுக்காரர்கள் செப்பனிட்டதால் 'டச்சு அரண்மனை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சுமார் 300 சதுர அடிச் சுவரில் 48 ஓவியங்கள், பெரும்பாலும் தசரதன் வேள்வி முதல் சீதை மீட்சி வரையிலான கதை. கேரளச் சுவரோவிய மரபில் சுவரைப் பக்குவப்படுத்துவதே ஒரு தவம். இளநீரில் கரைத்த சுண்ணாம்பை இருபத்தைந்து, முப்பது முறை மெல்லிதாகப் பூசுவார்கள். காவி மஞ்சளும் செங்காவியும் மண்ணிலிருந்து வரும். கறுப்பு விளக்குக் கரியிலிருந்து. பச்சை அவுரி நீலத்தோடு ஒரு மரப்பிசினின் மஞ்சள் சேர்ந்து. வெள்ளை தேவைப்படும் இடத்தில் சுவரையே விட்டுவிடுவார்கள். நிறத்துக்கும் குணத்துக்கும் உறவு உண்டு. சாத்விக நாயகர் பச்சை, கோபமும் வேகமும் உள்ளவர் சிவப்பு. கதகளி ஒப்பனை அறிந்த கண் இந்தச் சுவரை உடனே வாசித்துவிடும்.

கீழ்த்தளத்து அறை ஒன்றில் எட்டு கோபியரோடு சாய்ந்திருக்கும் கண்ணன் ஓவியம் உண்டு. ஆறு கைகள், இரண்டு கால்கள். எட்டுப் பேரையும் ஒரே நேரத்தில் மகிழ்விக்கிறான். அதிசயம் என்று இங்கே தனியாக எதையும் சுட்ட முடியாது. கண்ணன் எத்தனை இயல்பாக இருக்கிறானோ அத்தனை இயல்பாக இருக்கின்றன அந்தக் கைகளும். ஆறு கை ஒரு தோளில் எப்படிப் பொருந்தும் என்ற கேள்வியே பார்க்கிறவருக்கு எழுவதில்லை. காரணம், ஓவியர் முன்கூட்டியே மூன்றைக் கைவிட்டிருக்கிறார்: தரையில் விழும் நிழல், உடலின் எடை, அறையின் ஆழம். இந்த மூன்றும் போன உலகில் ஆறு கையும் இரண்டு கையும் ஒன்றுதான். வியப்பு ஒருவர் முகத்தில் மட்டும் தங்காமல் சுவர் முழுக்கப் பரவி நிற்கிறது.

ஆனால் இந்தச் சுவருக்கும் ஒரு குறை உண்டு. பெண்கள் அனைவருக்கும் ஏறத்தாழ ஒரே முகம். அகன்ற கண், வளைந்த புருவம், நிறைந்த உதடு. மரபு வகுத்த முகம் அது. அதனால் ஒருத்தியின் துயரம் அவளுக்கு மட்டும் உரியதாக ஆவதில்லை. வியப்பு இருக்கிறது, வியக்கும் தனி மனுஷி இல்லை.

முடிசூட்டுக் கூடத்தின் உருவப்படங்கள் இதற்கு நேர்மாறு. ஒரு மன்னரின் முகத்தை இன்னொருவர் முகமாக மயங்க வழியில்லை. இவர் இன்னார், இந்த வயதில் இப்படி இருந்தார் என்று ஓவியர் சாட்சி சொல்கிறார். கைவிட்டது எதுவும் இல்லை. அதேசமயம் அங்கே எதுவும் நிகழவும் இல்லை. அந்தப் பெயர் தெரியாத உள்ளூர்க் கைகளின் உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். தனி மனிதரின் முகம் என்ற பெரிய பொருளை அரண்மனைச் சுவருக்குக் கொண்டுவந்தவர்களில் அவர்களும் உண்டு. ஆனால் மருட்கை அங்கே இல்லை. ஓர் அறையில் முகம் இல்லாத வியப்பு, மற்றோர் அறையில் வியப்பு இல்லாத முகம்.

இரண்டையும் ஒன்றாக்க முயன்ற முதல் பெருங்கலைஞர் இதே கேரளத்தவர். கிளிமானூரில் 1848-இல் பிறந்து 1906-இல் மறைந்த ராஜா ரவிவர்மா. திருவாங்கூர் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்வதை அருகிருந்து பார்த்துத் தானே கற்றவர். மன்னர்களின் உருவப்படம் வரைந்த அதே கையால் பரோடா அரசருக்காக 14 புராண ஓவியங்களை வரைந்தார். 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, தெய்வங்களை வீடுதோறும் அனுப்பினார்.

அவருடைய 'ஜடாயு வதம்' ஓவியத்தை என் மூன்று கேள்விகளுக்கும் உட்படுத்துகிறேன். இராவணன் ஒரு கையால் சீதையை அணைத்துப் பிடித்திருக்கிறான். மறு கையில் வாள். பறவையின் வெட்டுண்ட சிறகு விழுகிறது. எல்லாம் நடுவானில். இங்கே அதிசயங்களுக்குக் குறைவில்லை. பறக்கும் அரக்கன், பேசும் கழுகு, வானத்தில் ஒரு போர். ஆனால் இராவணனுக்கு ஒரே தலை.

ஒன்பது தலைகள் எங்கே போயின? யதார்த்த முறை அவற்றை வாங்கிக்கொண்டது. நிழலும் எடையும் உள்ள கழுத்தில் பத்துத் தலைகளை அடுக்கினால் எலும்பு எங்கே, தசை எங்கே என்று கண் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பயந்து ஓவியர் தலைகளைக் குறைத்தார். கதகளி மேடையிலும் இராவணனுக்கு ஒரே தலைதானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கதகளியில் அந்த ஒரு முகமே மனித முகமாக இருப்பதில்லை. கத்தி வேடத்தின் செந்நிறக் கோடுகளும் மூக்கு நுனி வெள்ளை உருண்டையும் பெருங்கிரீடமும் சேர்ந்து, குறைந்த ஒன்பது தலைகளையும் அந்த ஒரு முகத்திலேயே ஈடுகட்டிவிடுகின்றன. ரவிவர்மா ஈடாக எதையும் தரவில்லை. அவருடைய இராவணன் மீசை வைத்த ஒரு பலசாலி. அவன் கால்களில் தரையில் நிற்பவனின் முறுக்கு இருக்கிறது. கீழே தரை மட்டும் இல்லை. எடையை இவ்வளவு நேர்த்தியாக வரைந்ததே அவன் பறப்பதை நம்பவிடாமல் செய்கிறது.

அந்தப் படத்தில் முழுமையாக நம்ப முடிகிற ஓர் இடம் உண்டு. சீதை கையால் முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். பார்க்க முடியாததைப் பார்த்துவிட்ட ஒருத்தியின் கை அது. பள்ளியறைச் சுவரில் எந்த மரபு முகத்தாலும் இதைச் செய்திருக்க முடியாது. அரக்கனை வரைந்தபோது தடுமாறிய தூரிகை, அரக்கனைக் கண்டவளை வரைந்தபோது தடுமாறவில்லை.

கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரவிவர்மாவைக் கடுமையாக மறுத்தார். நாடகத்தனம், கற்பனைக் குறைவு, காவியப் பொருளுக்குத் தகாத நடத்தை என்பவை அவர் குற்றச்சாட்டுகள். எடை போட்டுப் பார்த்தால் பாதிதான் தேறுகிறது. நாடகத்தனம் குற்றம் என்றால் கதகளியோடு நிறம் பகிர்ந்துகொண்ட மட்டாஞ்சேரிச் சுவரும் குற்றவாளிதான். நம் இலக்கணமே உலகியல் வழக்கோடு நாடக வழக்கையும் சேர்த்துத்தான் கவிதைக்கு வழி வகுத்தது. கற்பனைக் குறைவு என்பதும் பொதுப்படையான தீர்ப்பு. ரவிவர்மாவிடம் கற்பனை இருந்தது. சில படங்களில் அதைத் தவறான இடத்தில் செலவழித்தார் என்பதே சரியான கணக்கு.

சரியான இடத்தில் செலவழித்த படத்துக்கு உதாரணம் 1899-இல் வரைந்த 'அன்னமும் தமயந்தியும்'. நளனைப் பற்றித் தூது சொல்ல வந்த அன்னம். பேசும் பறவை. ஆனால் பறவையை மாயமாகக் காட்ட ஓவியர் ஒரு கோடுகூட இழுக்கவில்லை. அது குளத்தில் நீந்தும் எந்த அன்னத்தையும் போன்றது. ஓவியத்தால் குரலை வரைய முடியாது என்று அவருக்குத் தெரியும். அவர் வரைந்தது கேட்கும் பெண்ணை. சிவப்புச் சேலையில் நிற்கும் தமயந்தியின் சாய்விலும் பார்வையிலும் பறவை பேசுகிறது. நாம் அவள் முகத்தின் வழியே அதைக் கேட்கிறோம். அதிசயம் எது? பேச்சு. கைவிட்டது எதை? எதையும் இல்லை. யாருடைய உடம்பில்? அவளுடைய உடம்பில். மூன்று கேள்விகளுக்கும் ஒரு யதார்த்த ஓவியம் தந்த ஆகச் சிறந்த விடைகளில் இது ஒன்று.

இங்கே வலுவான ஒரு மறுப்பு வரும். தாமரையில் நிற்கும் ரவிவர்மாவின் நான்கு கை இலக்குமிக்கு இன்றும் விளக்கேற்றுகிறார்களே. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) முதல் சிவகாசி நாள்காட்டி வரை அந்த வழியில்தானே வந்தது. யதார்த்தக் கையால் அதிசயத்தை நேரே வரைய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? என் பாட்டி வீட்டுப் பூசை அறையிலும் அந்த நாள்காட்டிகள்தான் இருந்தன. அவற்றின் வலிமையை நான் அறிவேன். ஆனால் கூர்ந்து பார்த்தால், பின்னிரு கைகள் தோளோடு சேரும் இடத்தைக் கூந்தலும் சேலையும் நகையும் பார்த்துக்கொள்கின்றன. ஓவியர் அந்த இணைப்பை நம் கண்ணுக்குக் காட்டவில்லை. அந்தத் தெய்வம் எதையும் செய்வதும் இல்லை. அசையாமல் நின்று அருள்கிறது. அங்கே வியக்கும் உடம்பு படத்துக்கு வெளியே, விளக்கோடு நிற்கும் பாட்டியின் உடம்பு. வழிபாட்டுப் படம் தன் சாட்சியை வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறது. கலைக்கூடத்துச் சுவரில் தொங்கும் படத்துக்கு அந்தச் சலுகை இல்லை. தன் சாட்சியைத் தானே கொண்டுவர வேண்டும். மறுப்பு என் அளவுகோலை உடைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது.

இனி நம் காலத்துப் படம் ஒன்று. கே. பி. ரெஜி 1972-இல் கேரளத்தில் பிறந்தவர். பரோடாவில் பயின்று அங்கேயே வாழ்பவர். ரவிவர்மாவின் புராண ஓவியங்கள் போய்ச் சேர்ந்த அதே நகரம். 2012-இன் முதல் பினாலேயில் இவருடைய 'தூம்பிங்கல் சாத்தன்' இடம்பெற்றது. மூன்று பகுதிகளாக விரியும் மிகப் பெரிய எண்ணெய் ஓவியம். தலைப்பைத் தமிழர் மொழிபெயர்க்காமலே படிக்கலாம். தூம்பு என்றால் மதகு. சாத்தன் நம் பழைய பெயர். மதகடிச் சாத்தன்.

கதை வாய்மொழியாக வந்தது. வயலின் கரை உடைந்து நீர் பாய்கிறது. எந்த மண்ணும் நிற்கவில்லை. புலையர் குலத்து உழைப்பாளி சாத்தன் தன் உடலையே உடைப்பில் கிடத்திக் கரையாகிறான். தமிழ்நாட்டிலும் ஏரிக்கரைக் கதைகள் உண்டு. மதுராந்தகத்தில் 1790-களில் கலெக்டர் லயோனல் பிளேஸ் காலத்தில் பெருமழையின்போது இராமனும் இலக்குவனும் வில்லேந்திக் கரையைக் காத்தார்கள் என்பது ஐதிகம். கோயில் இன்றும் ஏரிகாத்த ராமர் கோயில்தான். அங்கே தெய்வம் வந்து காத்தது. இங்கே காக்க வந்தவன் கூலியாள். அவனிடம் இருந்தது உடம்பு மட்டும்.

ரெஜி இதை எப்படி வரைகிறார் என்பதுதான் நம் வழக்கின் திருப்புமுனை. மனிதன் கரையாக மாறுகிறான் என்றால், அது தொல்காப்பியக் கணக்கின் நான்காவது வியப்பு, ஒன்று இன்னொன்றாவது. மாயத்தை நேரே காட்ட நினைத்த ஓவியர் உடலைப் பாதி மண்ணாக்கியிருப்பார், விரல்களை வேராக்கியிருப்பார், சுற்றிலும் ஒளிவட்டம் இட்டிருப்பார். ரெஜி அப்படிச் செய்யவில்லை. கிடக்கும் உழைப்பாளியின் உடல் உடலாகவே இருக்கிறது. அவனைச் சுற்றிப் பழங்காலத்தை அடுக்காமல், இன்றைய கேரளத்தின் அன்றாடத்தை வைக்கிறார். கதையைக் கேட்டுவிட்டுப் பார்க்கும்போது, அந்தச் சாதாரண உடலே கரை என்பது உறைக்கிறது. ஊர் அந்த உடலின் மேல்தான் நிற்கிறது.

இந்தப் படத்துக்கு எதிராகவும் சொல்ல உண்டு. கதை தெரியாமல் முன்னே நிற்பவருக்கு இது களைத்துப் படுத்திருக்கும் ஒருவனின் படமாகவே முடிந்துவிடலாம். தமயந்தியின் படம் நளன் கதை அறியாதவருக்கும் 'யாரோ ஏதோ சொல்கிறார்கள், இவள் கேட்கிறாள்' என்ற அளவுக்குத் தன்னைத் தானே திறந்துகொள்ளும். சாத்தன் படம் தலைப்பின் கையைப் பிடித்துத்தான் நடக்கிறது. இது சிறிய குறையன்று. ஆனாலும் பொருளின் எடையில் சாத்தன் படமே மேலானது என்பேன். ரவிவர்மா சாட்சியின் உடம்பில் அதிசயத்தை வைத்தார். ரெஜி அந்த எல்லையையும் கடந்து, அதிசயமும் அதைத் தாங்கும் உடம்பும் ஒன்றே என்று காட்டிவிட்டார். ஜடாயு படத்தில் எதிரியாக நின்ற எடை, சாத்தன் படத்தில் பொருளாகவே ஆகிறது. நீரை நிறுத்தியது அந்த உடலின் எடைதானே.

ஆக, என் தீர்ப்பு இது. யதார்த்தக் கை மாயத்தை வரையலாம், வெல்லவும் செய்யும். ஆனால் சுவரோவியக்காரர் வென்ற வழியில் அதற்கு வெற்றி இல்லை. நிழலையும் எடையையும் வைத்துக்கொண்டு பத்துத் தலையை வரையப் போனால் ஒன்பதை இழக்க வேண்டியிருக்கும். அதிசயத்தை உடம்புக்குள் கொண்டுவரத் தெரிந்தால் எதையும் இழக்க வேண்டியதில்லை. கேட்கும் காது, மூடும் கை, கிடக்கும் முதுகு: யதார்த்த ஓவியருக்கு மாய உலகின் வாசல் இவைதாம்.

மாலைக் கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உள்ளூர் யதார்த்த ஓவியரை மாயக் கருப்பொருளுக்கு அழைக்கும்போது, டிராகனையும் தேவதையையும் வரைந்து தரச் சொல்லாதீர்கள். இந்த ஊரின் கதைகளைக் கேட்டு, அவற்றைத் தாங்கிய உடம்புகளை வரையச் சொல்லுங்கள். போர்ட் கொச்சி வெளிப் பகுதியின் சலவைத் துறையில், டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் துணி வெளுக்க வந்த தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்னும் கல்லில் துணி துவைக்கிறார்கள். கடலோரம் சீனவலை இழுக்கிறவர்களின் தோள்கள் இருக்கின்றன. சாத்தனைப் போன்ற உடம்புகளுக்கு இங்கே பஞ்சமில்லை. படங்கள் தொங்கும் சுவரில் விளக்கை மங்கவைக்காதீர்கள்; யதார்த்த ஓவியம் நிழலைத் தானே கொண்டுவருகிறது, அதற்கு வேண்டியது நல்ல வெளிச்சம். கதை தெரியாதவருக்காகப் படத்தின் அருகே அந்தக் கதையை நல்ல தமிழிலோ மலையாளத்திலோ பத்து வரியில் எழுதி வையுங்கள்.

பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு சொல். அடுத்த முறை மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் போனால் பள்ளியறையில் பத்து நிமிடம் நில்லுங்கள்; பிறகு முடிசூட்டுக் கூடத்தில் பத்து நிமிடம். அந்த இரண்டு அறைகளையும் ஒன்றாக்கும் படத்தை நம் ஓவியர்களிடம் கேளுங்கள். கேட்கும் உரிமை நமக்கு உண்டு. தரும் திறமை அவர்களுக்கு உண்டு.